சூறைக்குருவியைக் காட்டுகிறேன் என்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்

நாங்குநேரிப் பக்கம், சாயங்காலம் அடையும் முன் வானத்தில் சுழலும் சூறைக்குருவிக் கூட்டத்தைக் காட்டுவதாகச் சொல்லி ஒருவர் வாட்ஸ்அப்பில் ஆள் சேர்க்கிறார். தலைக்கு 3,000 ரூபாய், முழுவதும் முன்பணம். இந்த ஜனவரியில் நானும் அக்கா மகனும் பணம் கட்டிப் போனோம். போன பணத்தைவிட அன்று சாயங்காலம் அந்தக் குளத்தில் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

விளம்பரப் படத்தைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். வானம் முழுக்கக் கரும்புகை மாதிரி பறவைகள். கீழே இலை உதிர்ந்த மரங்கள், ஒரு கூரான தேவாலயக் கோபுரம். ஒரு பனைகூட இல்லை. அது ஐரோப்பாவில் எடுத்த படம், அதில் இருப்பது வேறு இனம். நம் குளங்களுக்கு வருவது கறுப்புத் தலையும் இளஞ்சிவப்பு உடம்புமாக இருக்கும் சூறைக்குருவி. சோளக்குருவி என்றும் சொல்வார்கள். மத்திய ஆசியப் புல்வெளிகளில் வெட்டுக்கிளியைத் தின்று குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்காலத்துக்கு இங்கே வரும். ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும்.

அடுத்தது லென்ஸ். “600 எம்எம் இல்லாமல் வந்து பிரயோஜனமில்லை, வாடகைக்கு நானே தருகிறேன்” என்று அதற்குத் தனியாக 2,500 வாங்கினார். கூட்டமாகச் சுழல்வதை எடுக்க அவ்வளவு பெரிய லென்ஸ் எதற்கு? அதில் பத்துப் பறவைதான் அடங்கியது, மீதி ஆட்டமெல்லாம் படத்துக்கு வெளியே. பையன் தன் கேமராவோடு வந்த சாதாரண 18-55 லென்ஸில் எடுத்ததுதான் உருப்படியான படம்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குளத்தில் இருப்போம் என்றவர் கொண்டுபோய் விட்டபோது ஆறாகப் போகிறது. குருவிகள் நாலாபக்கமும் இருந்து சின்னச் சின்னக் கூட்டமாக வந்து ஒன்று சேர்ந்துகொண்டிருந்தன. குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களில்தான் அவை அடையும். அன்று அதிகம் சுற்றாமல் சீக்கிரமே இறங்க ஆரம்பித்துவிட்டன. கூட வந்த ஒருவர், “வீடியோவுக்கு ஒண்ணுமே இல்லையே” என்றார். உடனே எங்களைக் கூட்டிவந்த ஆள் பையிலிருந்து வெடியை எடுத்துப் பற்றவைத்து மரத்துப் பக்கம் வீசினார்.

அத்தனையும் ஒரே இரைச்சலாகக் கிளம்பின. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். இரண்டாவது வெடி. பாதி மரம் காலியாகிவிட்டது. எதிர்க்கரையில் ஆடு பத்திக்கொண்டு வந்த பெரியவர் கத்தினார்: “ஏய்யா, அடையுற நேரத்துல வெடியப் போடுதியளே! அதுவ இருட்டுல எங்க போவும்?” எங்களிடம் பதில் இல்லை. பக்கத்திலிருக்கும் பறவைகள் சரணாலய ஊரான கூந்தன்குளத்தில், பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்குக்கூட வெடி போடமாட்டார்கள். அதே தாலுகாவில், நான் கொடுத்த பணத்தில் இது நடந்தது.

பையன் என் கையைப் பிடித்து, “மாமா, போயிரலாம்” என்றான். கிளம்பிவிட்டோம். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “பறவை பறந்துச்சா இல்லையா?” என்று கேட்டார். பிறகு என் எண்ணைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பஸ் பிடித்துப் போனோம். அந்த மரங்களில் ஒன்றுமில்லை. வெகுநேரம் தேடி, குளத்தின் மறுகோடியில் சம்புப் புதருக்கு மேலே சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டோம். கரையில் உட்கார்ந்து பார்த்தோம். ஆறே கால் இருக்கும், ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. கூட்டம் சட்டென்று பந்தாகச் சுருண்டது, அப்புறம் துணி உதறினாற்போல விரிந்தது. அதற்குத் தலைமை என்று ஒரு குருவி கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்திலிருக்கும் ஆறேழு குருவிகளைப் பார்த்துத் திரும்புகிறது. ரோம் நகரில் இதன் உறவினத்தைப் படம்பிடித்து ஆராய்ந்து 2008இல் இப்படித்தான் எழுதினார்கள். பையன் பாதி நேரம் கேமராவையே எடுக்கவில்லை. ஐந்து பைசா செலவில்லை, பஸ் டிக்கெட் தவிர.

போக நினைக்கிறவர்கள் ஐந்து மணிக்கே போய்விடுங்கள். கிழக்குக் கரையில் நின்றால் பின்னணியில் அஸ்தமன வெளிச்சம் கிடைக்கும். ஆட்டோஃபோகஸ் தடுமாறும், அதனால் தூரத்துப் பனை ஒன்றில் ஃபோகஸ் வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/500 நொடியைவிட மெதுவாக வேண்டாம், இருட்ட இருட்ட ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றுங்கள். காரைக் கரைமேல் ஏற்றாதீர்கள், ட்ரோனும் வேண்டாம். சில நாள் கூட்டம் சுற்றாமலே இறங்கிவிடும், அன்று திரும்பி வந்துவிட வேண்டியதுதான். குளத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

அதே ஆள் பிப்ரவரிக் கடைசிக்கும் ஆள் சேர்ப்பதாக நேற்று ஒரு நண்பர் சொன்னார். அதே தேவாலயப் படம், அதே லென்ஸ் வாடகை. பணம் கட்டியிருந்தால் இப்போதே திருப்பிக் கேளுங்கள். கட்டிய ரசீதையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காதீர்கள். வனத்துறையில் புகார் எழுதிக் கொடுக்கப் போகிறேன், சேர்ந்து கையெழுத்துப் போட வருகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.