டோக்கியோ டெக் வளாகங்கள்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு ஒரு மதிப்பீடு

ஜப்பானின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமான டோக்கியோ டெக்கில் (டோக்கியோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) சேரப் போகிறவர்கள் வீடு தேடுவதற்கு முன் தங்கள் ஆய்வகத்தின் முகவரியைப் பார்த்துவிட வேண்டும். பெயரில் டோக்கியோ இருந்தாலும் ஆய்வகம் டோக்கியோவின் ஓகாயாமா வளாகத்தில் இல்லாமல் யோகோஹாமாவின் சுசுகாகேதாய் வளாகத்தில் இருக்கலாம். இந்த இரண்டு வளாகங்களுக்கும் நடுவே போய்வர, வாசலுக்கு வாசல் ஒரு மணி நேரம் ஒதுக்கினால்தான் நிம்மதி. 2024 அக்டோபர் 1 முதல் பெயரும் மாறிவிட்டது. டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து இப்போது அது இன்ஸ்டிடியூட் ஆஃப் சயின்ஸ் டோக்கியோ. வாயில் வருவது என்னவோ இன்னும் பழைய பெயர்தான்.

வளாகங்கள் ஏன் இப்படித் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்பதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. 1881இல் தொழிற்பள்ளியாகத் தொடங்கியபோது இடம் சுமிதா ஆற்றங்கரையில் இருக்கும் குராமாயே. ஷோகன் என்ற ராணுவ ஆட்சியாளர்கள் காலத்து அரிசிக் களஞ்சியங்கள் இருந்த பகுதி அது. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கத்தில் அந்த வளாகம் அழிந்தது. அதே வருடம் மார்ச்சில்தான் மெகுரோவிலிருந்து தெற்கே புது ரயில்பாதை வந்திருந்தது. அந்தப் பாதையை ஒட்டி வீட்டுமனை போட்டுக்கொண்டிருந்த, இன்றைய தோக்யூவின் முன்னோடி நிறுவனத்திடம் குராமாயே நிலத்தைக் கொடுத்துவிட்டு ஓகாயாமாவில் நிலம் வாங்கிக்கொண்டு, 1924இல் குடிபெயர்ந்தார்கள். 1929இல் பல்கலைக்கழகத் தகுதி, 1934இல் கடிகாரக் கோபுரத்துடன் பிரதானக் கட்டடம். முன்னாள் மாணவர் சங்கத்தின் பெயரில் மட்டும் குராமாயே இன்றும் இருக்கிறது. 1975இல் திறந்த இரண்டாவது பெரிய வளாகமான சுசுகாகேதாயும் அதே தோக்யூ ரயில் நிறுவனத்தின் இன்னொரு பாதையில்தான்.

ஓகாயாமாவின் பெரிய பலம் ரயில் நிலையம். வெளியே வந்து சாலையைக் கடந்தால் பல்கலைக்கழக வாசல். நிலையத்தின் தலைமேலேயே ஒரு மருத்துவமனை. மெகுரோ, ஓய்மாச்சி என்று இரண்டு பாதைகளும் ஒரே நடைமேடையின் இரு பக்கமும் நிற்பதால் மாறுவதற்குப் படியேற வேண்டாம். 2023 மார்ச் முதல் மெகுரோ பாதையிலிருந்து ஷின் யோகோஹாமாவுக்கு நேரடி ரயிலும் இருக்கிறது. ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஏறப் பெட்டி தூக்கிக்கொண்டு ஷினாகாவா நிலையக் கூட்டத்தில் சிக்க வேண்டியதில்லை.

உள்ளே நுழைந்ததும்தான் குழப்பம். ரயில்பாதைகள் வளாகத்தைத் துண்டு போட்டிருக்கின்றன. கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு, இஷிகாவாதாய், மிதோரிகாவோகா என்று பகுதிகள். அறை எண்ணின் முதல் ஆங்கில எழுத்து பகுதியையும் அடுத்த எண் கட்டடத்தையும் காட்டும். 'டபிள்யூ 9' என்றால் மேற்கு 9ஆம் கட்டடம். இஷிகாவாதாய் என்று போட்டிருந்தால் வாசலிலிருந்து பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் நேர்காணலுக்கு வருகிறவர்கள் பிரதானக் கட்டடத்தில் நின்று விழிப்பது இதனால்தான்.

2011இல் திறந்த நூலகம் பெரும்பாலும் நிலத்தடியில். மேலே தெரியும் முக்கோணக் கண்ணாடிக் கட்டடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் சீஸ்கேக். ஒரு கட்டடத்தின் மேலும் பக்கங்களிலும் 4,500க்கு மேற்பட்ட சூரியத் தகடுகள் போர்த்தியிருக்கின்றன, ரயிலிலிருந்தே தெரியும்.

வகுப்புகள் 100 நிமிடம். 2016 சீர்திருத்தத்தில் வருடத்தை நான்கு காலாண்டாகப் பிரித்துவிட்டார்கள். இரண்டு கிரெடிட் பாடம் என்றால் வாரம் இருமுறை, மொத்தம் 14 வகுப்பு. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் ஏழில் ஒரு பங்கு பாடம் போய்விடும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. காலை இரண்டாம் வகுப்பு 12:25க்கு விட்டதும் உணவகத்தில் வரிசை வெளியே வரும். முடிந்தால் பன்னிரண்டுக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். சைவக்காரர்கள் கவனிக்க: காய்கறி ஊதோன் (கோதுமை நூடுல்ஸ்), மீசோ சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் இருப்பது பெரும்பாலும் மீன் சாறு.

சுசுகாகேதாய்க்கு முதல்முறை போகிறவர்கள் நிலையத்தைத் தவறவிடுவது சகஜம். தென்எந்தோஷி பாதையின் எக்ஸ்பிரஸ் அங்கே நிற்காது. நாகாட்சுதாவில் இறங்கி, எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலுக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம். மாறாமல் உட்கார்ந்திருந்தால் மினாமி மாச்சிதா போய்த் திரும்ப வேண்டும். ஓகாயாமாவிலிருந்து ஓய்மாச்சி பாதை எக்ஸ்பிரஸ்களில் சில நேரே நாகாட்சுதா வரை ஓடுகின்றன, அதைப் பிடித்தால் ஒரு மாற்றம் மிச்சம்.

இன்னொரு விநோதம்: நிலையம் டோக்கியோவின் மாச்சிதா நகரத்தில், வளாகத்தின் முகவரி கானாகாவா மாநிலத்து யோகோஹாமாவில். எந்தப் பக்கம் வீடு எடுக்கிறீர்களோ அந்த அலுவலகத்தில்தான் குடிவந்த 14 நாளுக்குள் முகவரி பதிய வேண்டும். பக்கத்துத் தெருதானே என்று மாறிப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆய்வுக்கு இது அருமையான இடம். தன்னுண்ணல் (செல் தன் பகுதிகளைத் தானே சிதைத்து மறுபயன்படுத்துவது) ஆய்வுக்காக 2016இல் நோபல் பெற்ற யோஷினோரி ஓசுமி இருந்த வளாகம். 20 மாடி ஜே2 கட்டடம் ரப்பர் தாங்கிகள் மேல் நிற்கிறது. 2011 பெரு நிலநடுக்கத்தின்போது அதில் பதிவான அளவுகளைக் கட்டடப் பொறியாளர்கள் இன்றும் ஆராய்கிறார்கள். 2024இல் இயங்கத் தொடங்கிய சுபாமே 4.0 மீத்திறன் கணினியும் இங்கேதான்: 240 கணுக்கள் (ஒன்றோடொன்று இணைந்த தனிக் கணினிகள்), ஒவ்வொன்றிலும் நான்கு எச்100 ஜிபியு கணக்கீட்டுச் சில்லுகள். முழுக் கணு தேவையில்லாத வேலைக்கு அரையோ காலோ கேளுங்கள். பயன்பாட்டுக்குக் கழியும் புள்ளிகளும் மிச்சம், வரிசையும் சீக்கிரம் நகரும். குறை என்றால் சுற்றுப்புறம்தான். முழுக்கக் குடியிருப்பு; இரவு பரிசோதனை முடித்து வெளியே வந்தால் சாப்பிடக் கடை தேட வேண்டும்.

மாணவர் சலுகை ரயில் மாதச் சீட்டு வீட்டுக்கும் உங்கள் பதிவு வளாகத்துக்கும் இடையே மட்டும்தான். அடுத்த வளாகத்தில் பாடம் எடுத்தால் அதற்கு முழுக் கட்டணம். நகரத்துப் பக்கம் தங்கிச் சுசுகாகேதாய் போகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: காலை நெரிசல் ஷிபுயா நோக்கி, எதிர்த்திசையில் பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும்.

இன்னொரு வளாகமான தாமாச்சி சிறிய இடம், ஜேஆர் ரயில் நிலையத்தை ஒட்டியே. மறுகட்டுமானம் நடப்பதால் போகும் நாளில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பால் வந்த யுஷிமா வளாகத்துக்கு, ஓகாயாமாவில் மீதா பாதைக்குள் நேராகப் போகும் மெகுரோ ரயிலாகப் பார்த்து ஏறி, ஓதேமாச்சியில் மருனோஊச்சி பாதைக்கு மாறினால் ஒச்சானோமிசு இரண்டாவது நிறுத்தம். அதே நடைமேடையில் நம்போக்கு பாதைக்குப் போகும் ரயிலும் வரும், முகப்புப் பலகையைப் படித்துவிட்டு ஏறுங்கள்.