‘நேரடி 3டி கான்சர்ட்’ டிக்கெட் வாங்கும் முன்: கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் படித்துவிடுங்கள்

ஒரு வாரமாக நம் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகளில் ‘நேரடி 3டி கான்சர்ட்’ விளம்பரமாக ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. கல்யாண ஆடிட்டோரியம், விளக்கு அணைத்திருக்கிறது, நாற்பது ஐம்பது பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்து நின்று தொண்டை கிழியப் பாடுகிறார்கள். மேலே ‘ரசிகர்கள் கொண்டாட்டம்! அடுத்த ஷோவுக்கு முந்துங்கள்!’ என்று எழுதியிருக்கிறது. முன்வரிசையில் மஞ்சள் சுடிதாரில் நிற்பது என் மகள். அவள் அன்றைக்கு ஏன் அப்படிப் பாடினாள் என்று அந்த ஹாலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வீடியோவைப் பார்த்து டிக்கெட் வாங்கப்போகிறவர்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

(நான் சொல்வது பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரா சித்தூர்க்காரர்கள் பதற வேண்டாம்.)

எனக்குக் கொழிஞ்சாம்பாறையில் மோட்டார் ரீவைண்டிங் கடை. போர்வெல் மோட்டார்தான் நம் பிழைப்பு. அமெரிக்கப் பாட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மகள் காலேஜ் இரண்டாம் வருடம். ‘க்ளீ’ என்று ஒரு அமெரிக்க டிவி தொடர், 2009-ல் ஃபாக்ஸ் சேனலில் தொடங்கி 2015 வரை ஆறு சீசன் ஓடியது. ஒஹாயோ மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடம், அங்கே யாரும் மதிக்காத பிள்ளைகள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு நடத்துகிறார்கள், அதுதான் கதை. மொத்தம் 121 எபிசோடையும் இவள் போனிலேயே பார்த்து முடித்தாள். சாப்பிடும்போதும் பாட்டு, துணி காயப்போடும்போதும் பாட்டு.

அப்படி இருக்கும்போது அந்த போஸ்டர் வந்தது. ‘அமெரிக்கப் புகழ் க்ளீ நட்சத்திரங்கள், நேரடி கான்சர்ட், 3டி, முதல்முறையாக உங்கள் ஊரில்.’ டிக்கெட் 350 ரூபாய். 3டி கண்ணாடி வாடகை 50, டெபாசிட் 100. நான், வீட்டுக்காரி, மகள், என் அம்மா. நாலு பேருக்குச் சரியாக இரண்டாயிரம் ரூபாய். ஜிபேயில் போட்டேன். பணம் போன பெயர் போஸ்டரில் இருந்த பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டிக்கெட் என்று வந்தது ஒரு படம் மட்டும்: சீட் நம்பர் கிடையாது, வரி கிடையாது, எத்தனை நிமிஷம் ஓடும் என்றும் கிடையாது.

மகள் மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள். “அப்பா, இது அவங்க நேர்ல வர்றது இல்ல. 2011-ல எடுத்த கான்சர்ட் படம். படம்னு ஏன் போடலன்னு தெரியல.” அவளுக்கு அது போதும், பெரிய திரையில் பார்த்தால் போதும் என்றாள். சரி, தெரிந்தேதான் போனோம். ஆனால் தெரியாமல் வந்தவர்கள் அங்கே நிறைய. எருத்தேம்பதிப் பக்கமிருந்து ஒரு குடும்பம், வெள்ளைக்காரர்கள் நேரில் பாடப்போகிறார்கள் என்று நினைத்து, பையனுக்கு ஆட்டோகிராஃப் வாங்க நோட்டோடு வந்திருந்தது.

ஆறு மணி ஷோ ஏழே காலுக்குத் தொடங்கியது. காலையில் அதே ஹாலில் கல்யாணம் நடந்திருக்கிறது. மேடைக்குக் குறுக்கே வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள். துணி போதாமல் ஓரத்தில் மாப்பிள்ளை பெயரின் கடைசி இரண்டு தெர்மாகோல் எழுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து கண்ணாடி எடுத்துக் கொடுத்தார்கள். அட்டைக் கண்ணாடி. ஒரு கண்ணுக்குச் சிவப்புத் தாள், இன்னொரு கண்ணுக்கு நீலத் தாள். என் அம்மாவுக்குக் கிடைத்ததில் ஒரு பக்கக் காது கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. இதற்குத்தான் நூறு ரூபாய் டெபாசிட்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், இதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். தியேட்டரில் 3டிக்குக் கொடுக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி பெரும்பாலும் போலரைஸ்டு வகை, அதாவது ஒளியை வடிகட்டி ஒவ்வொரு கண்ணுக்கும் அதன் படத்தை மட்டும் விடுவது. அதற்கு வெள்ளிப் பூச்சுத் திரை வேண்டும்; கல்யாண மேடைத் துணியில் அது வேலை செய்யாது. சிவப்பு நீல அட்டைக் கண்ணாடி பழைய வகை. படத்தையே அந்த இரண்டு நிறமாகப் பிரித்துத் தயார் செய்திருந்தால்தான் அதில் ஆழம் தெரியும். அப்படிப்பட்ட படத்தை வெறும் கண்ணால் பார்த்தால் உருவங்களின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்த மாதிரி இருக்கும். அந்தக் கசிவு இல்லையென்றால் நீங்கள் போட்டிருப்பது வெறும் கலர் தாள்.

படம் ஓடியதும் திரையில் பார்த்தால் எல்லாம் இரண்டு இரண்டு. இடது பாதியில் ஒரு பெண் பாடுகிறாள், வலது பாதியில் அதே பெண் பாடுகிறாள், இரண்டு பேரும் முருங்கைக்காய் மாதிரி ஒடுங்கி நீண்டிருக்கிறார்கள். அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கேட்டாள், “ஏங்கண்ணு, ரெட்டைப் பொறப்பா?”

விஷயம் இதுதான். ஃபைல் 3டி ஃபைல்தான். வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்கு ஒரு படம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. அதைப் பிரித்துக் கண்ணுக்குக் கண் காட்டும் புரொஜக்டரும் அதற்கேற்ற கண்ணாடியும் வேண்டும். அங்கே இரண்டும் இல்லை. ரிமோட் வைத்திருந்த பையன் நீல மெனுவுக்குள் போய்ப் போய் வந்தான். முதல் பாட்டு முழுக்க அதிலேயே போயிற்று. ‘டோன்ட் ஸ்டாப் பிலீவிங்’ என்று ஜர்னி குழுவின் 1981-ம் வருடப் பாட்டு. க்ளீயின் முதல் எபிசோடிலேயே வந்ததாம், மகள் அதற்காகத்தான் வந்தாள். கடைசியில் ஒரு பாதியை மட்டும் இழுத்துப் பெரிதாக்கிச் சாதாரணப் படமாகக் காட்டினான். அதோடு 3டி முடிந்தது. கண்ணாடி மட்டும் மூக்கில் இருந்தது. வீட்டுக்காரி தலைவலி என்று கழற்றி ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டாள்.

படமாவது இந்த அளவோடு போனது. சத்தம் இதைவிட மோசம்.

டிரம் இடிக்கிறது, கிடார் கேட்கிறது, ஸ்டேடியத்துக் கூட்டம் கத்துவது கேட்கிறது. பாடுகிறவர்களின் வாய் அசைகிறது, குரல் இல்லை. எங்கேயோ கிணற்றடியில் பாடுகிற மாதிரி ஒரு சாயல் மட்டும். நான் எழுந்து சவுண்ட் மிக்ஸர் இருந்த இடத்துக்குப் போனேன். கல்யாண டிஜே பாக்ஸ் இரண்டு, இடது வலது. 5.1 சத்தத்தில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு பேஸ் பாக்ஸுக்கும் தனித்தனியாகப் பிரித்த சத்தத்தில், குரல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போகும் டிராக்கில்தான் இருக்கும். நடுவில் பாக்ஸே வைக்காமல், பிளேயரை ஸ்டீரியோவுக்கும் மாற்றாமல், இடது வலது வயரை மட்டும் பிடுங்கிச் சொருகினால் குரல் எப்படி வரும்?

“தம்பி, சென்டர் வரல பாரு. பிளேயர்ல ஸ்டீரியோன்னு ஒண்ணு இருக்கும், அத மாத்து” என்றேன்.

“ஓனர்ட்ட கேக்கணுங்ணா.”

“ஓனர் எங்க?”

“வெளிய இருக்காருங்ணா.”

வெளியே டெபாசிட் பணத்தைக் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். “பாத்துக்கலாமுங்க, நீங்க போயி உக்காருங்க” என்றார். யாரும் பார்க்கவில்லை. கடைசி வரை அப்படித்தான் ஓடியது.

இந்தப் படத்தில் கதை கிடையாது. 84 நிமிஷம், அமெரிக்காவில் நடந்த இசைச் சுற்றுப்பயணத்தின் மேடைப் பாட்டுகள், நடுநடுவே மேடைக்குப் பின்னால் நடிகர்கள் அந்தந்தப் பாத்திரமாகவே பேசும் துண்டுகள், பிறகு ரசிகர்கள் சிலரின் வாழ்க்கை. தெரிந்து வந்தவர்களுக்கு இது பிரச்சினை இல்லை. அரை மணி நேரம் ஆனபோது பின்வரிசையில் ஒரு பெரியவர், “ஏனுங்க, கதை எப்பங்க ஆரம்பிக்கும்?” என்று கேட்டார். சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை; போஸ்டரில் என்னவென்று சொல்லவே இல்லையே.

அம்மாவுக்கு ஒரே ஒரு இடம் பிடித்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த பையன் திடீரென்று எழுந்து ஆட ஆரம்பித்தான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள். தொடரில்தான் அவன் நடக்க முடியாதவன், நடிகருக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது என்று பேத்தி காதில் சொன்னதும், “அப்ப இத்தன நேரம் ஏன் உக்காந்திருந்தான்?” என்று கோபம் வேறு.

எனக்கு மனசு கஷ்டமானது அந்த ரசிகர்கள் பகுதியில். ஒரு குள்ளமான பெண், ஒரு பையன், இன்னொரு பெண். மூன்று பேரும் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள், கண் கலங்குகிறது. ஒரு சத்தம் இல்லை. பேச்சும் அந்த நடு டிராக்கில்தானே. ஹாலில் பாதிப் பேர் போனை எடுத்துவிட்டார்கள். என் மகள் மட்டும் பக்கத்துப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: அந்தக் குள்ளமான பெண் பள்ளிக்கூடத்தில் சியர்லீடர் ஆனது (விளையாட்டு நடக்கும்போது ஆடிப்பாடி உற்சாகப்படுத்துகிற குழு), அந்தப் பையன் தன்னைப் பற்றிய ரகசியம் மற்றவர்களுக்குத் தெரிந்துபோய்ப் பட்ட பாடு, மூன்றாவது ஆளான பெண்ணுக்கு ஆஸ்பெர்கர் என்கிற ஒருவகை ஆட்டிசம், ஆளோடு ஆள் பழகவே பயந்தவள். எல்லாம் இவள் முன்பே எங்கோ படித்து வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த பாட்டில்தான் இவள் எழுந்து பாட ஆரம்பித்தாள். குரல் வரவில்லை, வார்த்தை இவளுக்குத் தெரியும். பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்தார்கள், பிறகு ஒரு வரிசை, பிறகு அந்தப் பக்கத்து காலேஜ் பிள்ளைகள் மொத்தமும். நிஜமாகச் சொல்கிறேன், நன்றாகத்தான் பாடினார்கள். கடைசிப் பாட்டு குயீன் குழுவினுடையது, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அந்த நேரத்தில்தான் ஓனர் உள்ளே வந்து போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். ஒன்றரை மணி நேரத்தில் அவர் உள்ளே வந்தது அந்த ஒரு தடவை.

ஆட்டோகிராஃப் நோட்டோடு வந்த குடும்பம் அதற்கு முன்பே எழுந்து போயிருந்தது. அந்தக் காலி நாற்காலிகள் வீடியோவில் இல்லை.

படத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அமெரிக்காவிலேயே இதற்குக் கலவையான வரவேற்புதான் என்று மகள் சொன்னாள். 2011 ஆகஸ்ட் 12-ல் வெளியானது, இரண்டே வாரம்தான் ஓடும் என்று சொல்லியே விட்டார்கள். முதல் வாரக் கடைசியில் வசூல் 60 லட்சம் டாலருக்குக் கொஞ்சம் குறைவு. 2008-ல் ஹானா மொன்டானா என்ற டிஸ்னி டிவி தொடரை வைத்து வந்த 3டி கான்சர்ட் படம் 683 தியேட்டரிலேயே முதல் மூன்று நாளில் 3 கோடியே 10 லட்சம் டாலர் எடுத்திருக்கிறது. வாரா வாரம் டிவியில் சும்மா பார்த்த பாட்டுக்கு எதற்கு மறுபடி டிக்கெட் என்று க்ளீ ரசிகர்கள் நினைத்திருப்பார்கள் என்பது என் கணக்கு. ரசிகர் அல்லாதவர்களுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, நம் பின்வரிசைப் பெரியவர் மாதிரி.

முடிந்ததும் ஓனரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “படம் ஓடுச்சுங்களா இல்லீங்களா?” என்றார். 3டி எங்கே என்றேன். “கண்ணாடி குடுத்தமுங்களே.” குரலே வரவில்லையே என்றேன். அதற்குச் சொன்ன பதில்தான் வயிற்றெரிச்சல்: “பிள்ளைங்க அத்தன சந்தோசமாப் பாடுச்சுங்க. உங்க பொண்ணும்தானுங்க.” நாலு கண்ணாடியில் இரண்டுக்குக் கீறல், ஒட்டு என்று டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார். அதில் ஒன்று அம்மாவுக்கு அவர்களே செலோடேப் ஒட்டிக் கொடுத்தது. இரண்டாயிரத்தில் கைக்கு வந்தது 200 ரூபாய்.

பெயர் போடவில்லை. எந்த ஊர்க்காரர், எந்த மொழி என்று கமென்டில் ஆரம்பிக்காதீர்கள். அவர் நம்மிடம் நம் தமிழிலும் அடுத்த வீட்டில் மலையாளத்திலும் பேசுகிறவர், நம்மைப் போலத்தான். ஆனால் இப்படி ஏதாவது போஸ்டர் வந்தால் பணம் போடும் முன் கேளுங்கள்: ஆள் நேரில் வருகிறார்களா, படமா? படம் என்றால் எந்த வருடத்துப் படம், எத்தனை நிமிஷம்? புரொஜக்டர் 3டி புரொஜக்டரா? வீட்டில் பார்க்க வாங்கிய டிஸ்க்கையோ ஃபைலையோ உரிமை வாங்காமல் டிக்கெட் போட்டுக் காட்ட 1957 காப்புரிமைச் சட்டத்தில் இடமில்லை. காட்ட உரிமை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அங்கேயே போனை வைத்துவிடுவார்கள். பில் கேளுங்கள். பில்லும் கடைப் பெயரும் இல்லாததால்தான் நான் இப்போது திண்டாடுகிறேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கையில் இருப்பது போஸ்டரும் ஜிபே ரசீதும்தான். அதில் ஒன்றும் நடக்காவிட்டால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 1,800 ரூபாய்க்கு இவ்வளவா என்று வீட்டுக்காரி கேட்கிறாள். அன்றைக்கு ஹாலில் இருந்த வேறு யாராவது சேர்வதானால் கடைக்கு வாருங்கள், போஸ்டரைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வீடியோவிலிருந்து மகளை எடுக்கச் சொல்லி மூன்று மெசேஜ் போட்டேன். மூன்றுக்கும் நீல டிக். நேற்று ராத்திரி அடுத்த போஸ்டர் வந்தது. வேலந்தாவளம் தாண்டி, செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மண்டபத்தில், வருகிற சனிக்கிழமை. டிக்கெட் 450 ஆக்கிவிட்டார். படத்துக்கு வைத்திருப்பது அதே வீடியோவிலிருந்து எடுத்த ஃபோட்டோ: என் மகள் வாயைத் திறந்து பாடுகிறாள், அவள் தலைக்கு மேல் சிவப்பு எழுத்தில் ‘4டி’.