தொட்டால் மாறும் திரையா, நெருங்கினால் மாறும் திரையா?

வெள்ளைக் காடாத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, பின்னால் மூன்று எல்இடி விளக்குகளை வரிசையாக வைத்து, இடையில் அட்டையில் வெட்டிய ஒரு மரத்தைத் தொங்கவிட்டேன். பார்ப்பவரின் அசைவுக்கேற்ப ஒளி ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு மெல்ல மாறும். ஒளி வலப்பக்கம் போகப் போக நிழல் இடப்பக்கம் சாயும். தோற்பாவைக் கூத்தில் பாவை ஆடும். இங்கே பாவை அப்படியே நிற்க, விளக்கு ஆடுகிறது.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பமே இல்லை. எல்இடி பட்டையில் ஒவ்வொரு புள்ளியும் தனி நிழல் போடுவதால் விளிம்பு கலங்கிவிடும். லென்ஸ் இல்லாத 1 வாட் எல்இடி கூர்மையான நிழல் தரும். அது சுமார் 350 மில்லி ஆம்பியர் இழுப்பதால் விளக்குகளை இயக்கும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் போர்டில் நேரடியாக இணைக்கக் கூடாது. மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்சும் மின்தடையும் வேண்டும்.

ஆள் வந்திருப்பதை எப்படி அறிவது என்பதில்தான் இரண்டு வழிகளையும் செய்து பார்த்தேன்.

முதல் வழி, மின்சாரம் கடத்தும் எஃகு நூலைத் துணியிலேயே தைப்பது. ஈஎஸ்பி32 போர்டில் தொடுகையை உணரும் பின்கள் (இணைப்புக் கால்கள்) உண்டு. விரல் பட்டதும் அவை காட்டும் அளவு இறங்கும். துணியைத் தடவ நிழல் அசைவது தனி இன்பம், எந்த இடத்தில் தொட்டார்கள் என்பதும் தெரியும். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, சட்டத்தின் கீழ் விளிம்பில் லேசர் தூர உணரியை வைப்பது. சுமார் 2 மீட்டர் வரை தூரத்தை அளக்கும். மலிவான மீயொலி உணரியை முதலில் வைத்தேன். தளர்வான பருத்தி உடை ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் அளவுகள் தாவிக்கொண்டே இருந்தன.

நான் தூர உணரியின் பக்கம் நின்றதற்கு ஒரே காரணம், துணியைத் துவைக்க வேண்டும் என்பது. வெள்ளைத் துணியை நாலு பேர் தொட்டால் மாலைக்குள் கைத்தடம் விழுந்துவிடும். பின்னாலிருந்து ஒளி வரும்போது எண்ணெய்க் கறை ஒவ்வொன்றும் திட்டுத் திட்டாகத் தெரியும். நூல் தைத்த திரையைக் கழற்ற ஒவ்வொரு இணைப்பையும் விடுவித்தேன். கையால் அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்டபின் துணி சுருங்கியிருந்தது, தையல் இழுபட்டது, முடிச்சுகள் தளர்ந்தன. பிரிந்த ஓர் இழை பக்கத்துத் தையலைத் தொட, இரண்டு இடங்களும் ஒன்றாகவே வேலை செய்தன. அதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை போனது. மழை நாளில் பருத்தி ஈரத்தை வாங்கிக்கொள்வதால் தொடாத நிலையின் அளவே மாறிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அளவெடுக்கும்படி நிரலை மாற்றினேன். தூர உணரி இருக்கும் திரையோ வெறும் துணி. ஆணியிலிருந்து அவிழ்த்து, வேட்டியைப் போல் துவைத்து, மறுபடி கட்டிவிடலாம். கிழிந்தால் புதுத் துணி, அவ்வளவுதான்.

வெள்ளி முலாம் பூசிய நூலை நான் பயன்படுத்தியதில்லை. எஃகு நூலை வைத்து அதையும் எடைபோட மாட்டேன். துவைக்கவே தேவைப்படாத சிறு சுவர்த் துணியாக இருந்தால் நூலையே எடுத்திருப்பேன். என் திரை இருந்ததெல்லாம் வீட்டுக்குள்தான். நேர் வெயிலில் லேசர் உணரியின் எட்டும் தூரம் குறையும் என்பதால், முற்றத்தில் வைப்பவர்கள் முதலில் உணரியை மட்டும் பகலில் சோதித்துவிட்டுப் பிறகு சட்டம் அடிப்பது நல்லது.