தொப்பூர் ஏற்றத்தில் மட்டும் திக்கிய இன்ஜின்

என் கார் 2006-ல் வாங்கியது. 1.3 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், பதினாறு வால்வு. 2021 ஜூலையில் மீட்டர் 1,12,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தபோது, சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் போகும் வழியில் தொப்பூர் ஏற்றத்தில் முதல் தடவை மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுவது) வந்தது. நாலாவது கியர், ஏசி ஓடுகிறது, காலை நன்றாக அழுத்தியிருக்கிறேன். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்து விட்ட மாதிரி இரண்டு குலுக்கல். மூன்றாவதுக்கு இறக்கியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறிவிட்டது. அதைச் சரிசெய்து முடிக்க எனக்குப் பதினொரு மாதம் ஆனது. அதற்குப் பிறகு 24,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். இனித் தைரியமாக எழுதலாம் என்று தோன்றுகிறது.

எப்போதும் இருக்கிற கோளாறை எந்த மெக்கானிக்கும் கண்டுபிடித்துவிடுவார். வந்து வந்து போகிற கோளாறுதான் ஆளைக் கொல்வது. பட்டறை வாசலில் நிறுத்தினால் ஐடிலிங் தண்ணீர் மாதிரி ஓடும். ஊருக்குள் ஒரு ரவுண்டு அடித்தாலும் ஒன்றும் காட்டாது. டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கும் எரியவில்லை. இங்கே ஓபிடி-2 (கோளாறை வண்டியே கண்காணித்துச் சொல்லும் ஏற்பாடு) கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதன்படி வந்த கார்களில் கம்ப்யூட்டரே எந்தச் சிலிண்டர் எத்தனை முறை தவறியது என்று எண்ணி வைத்து, கோளாறின் குறியீட்டு எண்ணை (கோடு) கொடுத்துவிடும். என் வண்டியின் கம்ப்யூட்டருக்கு அந்த வேலை தெரியாது. ஸ்கேனர் மாட்டியபோது சூடு, சென்சார் அளவுகள் எல்லாம் ஒழுங்காக வந்தன, கோடு மட்டும் ஒன்றும் இல்லை.

முதலில் போன பட்டறையில் ட்யூனிங் செய்தார்கள். பிளக் நாலும் புதுசு, ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங். 4,200 ரூபாய். இரண்டு மாதம் வண்டி பறந்தது, அக்டோபர் மழையோடு மிஸ்ஸிங் திரும்பி வந்தது. இரண்டாவது பட்டறையில் பெட்ரோல் பம்ப் போய்விட்டது, டேங்கை இறக்கி மாற்ற வேண்டும் என்றார்கள். எந்த அளவையும் எடுக்காமல் சொன்னதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பதினைந்து வருஷ வண்டி, எஃப்.சி. வேறு வருகிறது, கொடுத்துவிட்டுப் புதுசு எடுங்க என்று வீட்டிலும் வெளியிலும் பேச்சு. என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்தது அந்த வண்டியில். கொடுக்க முடியவில்லை.

அப்போதுதான் ஒரு நோட்டை வண்டியிலேயே போட்டு வைத்தேன். மிஸ்ஸிங் வரும் ஒவ்வொரு முறையும் ஓரம் கட்டி எழுதுவேன்: கிளம்பி எத்தனை நிமிஷம், எந்த கியர், ஆர்பிஎம் எவ்வளவு, கால் எவ்வளவு அழுத்தியிருந்தது, ஏசி, மழை, டேங்கில் எவ்வளவு பெட்ரோல். ஆறு வாரத்தில் இருபத்துமூன்று குறிப்புகள் சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாசித்தபோது எனக்கே ஆச்சரியம். இருபத்துமூன்றில் பத்தொன்பது 1,500-க்கும் 2,200-க்கும் இடையில், மூன்றாவது நாலாவது கியரில், கால் அழுத்தி ஏற்றம் ஏறும்போது. 3,500-க்கு மேல் லேசான காலில் போகும்போது ஒன்றுகூட இல்லை. ஈரமான காலைகளில் அதிகம். பெட்ரோல் போட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நோட்டோடு மூன்றாவதாகப் போன இடம் ஒரு சின்ன ஷெட். அங்கிருந்த அண்ணன் நோட்டை முழுக்க வாசித்தார். வண்டியைத் தொடும் முன்பே, "சார், இது கரண்ட் பக்கம்தாங்க. பெட்ரோல் பக்கம் இல்லீங்க" என்றார். எப்படிண்ணே என்று கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கத்தை நான் மறக்கவே மாட்டேன். மெதுவான ஓட்டத்தில் காலை அழுத்தினால் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நெருக்கியடித்து நிறைகின்றன. நெருக்கம் கூடக் கூட, பிளக் முனையில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவை. அந்த வோல்ட்டை உண்டாக்கும் காயிலும் ஏற்றிக் கொடுக்கிறது. காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் கேபிளிலோ பிளக்கின் பீங்கானிலோ ஒரு பலவீனம் இருந்தால் கரண்ட் பிளக் முனைக்குப் போகாமல் அந்தச் சுலப வழியில் இன்ஜின் பாடியில் இறங்கிவிடும். லேசாக ஓட்டும்போது நெருக்கம் குறைவு, பொறி ஒழுங்காக விழும். ஐடிலில் எத்தனை மணி நேரம் ஓட விட்டாலும் இது அகப்படாததற்குக் காரணம் அதுதான்.

ஆனாலும் அவர் ஊகத்தோடு நிற்கவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அங்கேதான். பெட்ரோல் பிரஷர் கேஜ் மாட்டினார். 3 பாரில் நின்றது, ரேஸ் கொடுத்தும் முள் இறங்கவில்லை. பம்ப் பாஸ். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அழுத்தம்) நாலு சிலிண்டரிலும் 170-க்கும் 178 பி.எஸ்.ஐ.க்கும் இடையில், வால்வும் ரிங்கும் பாஸ். காயிலில் கொஞ்ச நேரம் யோசித்தார். இந்த வண்டியில் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும்: ஒன்றும் நாலும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. காயில் கெட்டிருந்தால் ஜோடியாகத்தான் திக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தபோது மூன்று இளம் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தன. மூன்றாம் சிலிண்டர் பிளக் மட்டும் கறுத்து, பெட்ரோல் வாடை அடித்தது. அதன் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. கரண்ட் அந்த வழியாக இறங்கி இறங்கிக் கரி படிந்த தடம் அது. கேபிள் முனையின் ரப்பர் கேப் ஊறி, உப்பி, பிசுபிசுவென்று இருந்தது. முதல் பட்டறையில் போட்ட புதுப் பிளக் இது! பிளக்கை மாற்றியவர்கள் பழைய கேபிளையே மாட்டியிருக்கிறார்கள்.

கேபிள் செட்டும் பிளக்கும் மாற்றினோம். பிளக் உட்காரும் குழியில் கொஞ்சம் ஆயில் இருந்தது. ஆயில் மாற்றும்போது சிந்தியிருக்கும் என்று துடைத்துவிட்டோம். அந்த ஒரு நிமிஷம்தான் தப்பு.

ஐந்து மாதம் அருமையாக ஓடியது. 2022 மே மாதம், கோடை மழை பெய்த மறுநாள், அதே தொப்பூர், அதே குலுக்கல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேராக ஷெட்டுக்குப் போனேன். இந்த முறை கேபிளை உருவியதும் டார்ச் அடித்துக் குழிக்குள் பார்த்தோம். மூன்றாவது குழியில் ஒரு இஞ்ச் ஆயில் நின்றது. சிந்திய ஆயிலாக இருக்க வழியே இல்லை. இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்குள் பிளக் குழியைச் சுற்றி ஒரு ரப்பர் வளைய சீல் உண்டு. வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து கல்லாகிப்போய், ஆயிலை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆயில் கேப் ரப்பரை ஊற வைத்தது, ரப்பர் கரண்டை விட்டது, கரண்ட் பீங்கானில் தடம் போட்டது. நாங்கள் அதுவரை சங்கிலியின் கடைசிக் கண்ணியையே மாற்றிக்கொண்டிருந்தோம். நாலு சீலும் டேப்பட் கவர் பேக்கிங்கும் சேர்த்து 900 ரூபாய்க்குள் முடிந்தது. ஊறிய கேபிளைப் பெட்ரோலில் கழுவி மாட்டலாமா என்று கேட்டேன். ஊறின ரப்பர் திரும்பாது என்று மறுத்து, அந்த ஒரு கேபிளையும் பிளக்கையும் புதிதாகப் போட்டார்.

இந்த வேலையைச் செய்பவர்களுக்கு இரண்டு விஷயம். குழியில் ஆயில் நிற்கும்போது பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். முதலில் உறிஞ்சி எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே கழற்ற வேண்டும், அதுவும் இன்ஜின் ஆறிய பிறகு. இன்னொன்று, எந்தச் சிலிண்டர் என்று பார்க்க ஓடும் இன்ஜினில் பிளக் கேபிளைப் பிடுங்குவது பலருக்குப் பழக்கம். இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும் கம்பி அது. கைக்கும் ஆபத்து, காயிலுக்கும் ஆபத்து. இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் போதும்.

மைலேஜ் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மிஸ்ஸிங் இருந்த நாட்களில் பதினொன்றரைக்கு இறங்கியிருந்தது. எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அப்படியே வெளியேறும். சைலன்சர் பக்கம் இருக்கும் சென்சார் அதைப் பார்த்து பெட்ரோல் குறைவு என்று நினைக்கும், கம்ப்யூட்டர் இன்னும் ஊற்றும். இப்போது பதினாலரை கொடுக்கிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்தால் உள்ளே இருக்கும் பீங்கான் உருகும். லேசான மிஸ்ஸிங்தானே என்று மாதக்கணக்கில் ஓட்டிய எனக்கு அது உருகாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 11,000 ரூபாய் செலவு. சீலையும் கேபிளையும் முதலிலேயே பார்த்திருந்தால் மூவாயிரத்தைச் சொச்சத்தில் முடிந்திருக்கும். அன்றிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போது நாலு கேப்பையும் உருவி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். போன வாரம் பார்த்ததில் மூன்று குழிகள் காய்ந்திருந்தன. இரண்டாவதின் விளிம்பில் லேசாக ஈரப் பளபளப்பு தெரிகிறது. சீல் செட் வாங்கி வைத்துவிட்டேன், மழைக்கு முன்னால் ஷெட்டில் விட வேண்டும்.