கொரியப் பையனை யார் அழைத்துப் போவது? ஜப்பான், ஜெர்மனி, அமெரிக்கா

சியோல் கோஎக்ஸ் அரங்கில் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சி. வாகனப் பொறியியல் படிக்க வரச் சொல்லும் எங்கள் மேசையில் காற்றுச்சுரங்கத்தின் படம், கார் மோதல் சோதனையின் படம், மாணவர்களே கட்டிய பந்தயக் காரின் படம். ஓர் அம்மா வந்து நின்றார். பக்கத்தில் மொபைலை விட்டுக் கண் எடுக்காத பையன். படங்களை அவர் பார்க்கவே இல்லை. கைப்பையிலிருந்து ஒரு கோடுபோட்ட நோட்டை எடுத்தார். அதில் ஏற்கெனவே பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருந்தார்: இடப்பக்கம் நாடுகள், மேலே வயது. மொழிபெயர்க்க வந்திருந்த மாணவி கேள்வியைச் சொன்னாள்: "ராணுவத்தையும் சேர்த்து, உங்களிடம் வந்தால் இவன் எத்தனை வயதில் வெளியே வருவான்?"

என்னிடம் பதில் இல்லை. ஆய்வகத்தின் பரப்பளவு கேட்டிருந்தால் சதுர மீட்டரில் சொல்லியிருப்பேன்.

நான் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆகவே கீழே ஜெர்மனி பற்றி எழுதுவதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம். ஆனால் அன்றிலிருந்து எனக்கும் அந்த நோட்டின் கட்டம்தான் அளவுகோல். கொரிய வீடுகளில் கட்டணத்தைவிடக் கூர்மையாக எண்ணப்படுவது வருடங்கள்.

காரணம் எளிது. தென் கொரியாவில் உடல்தகுதியுள்ள ஒவ்வொரு ஆணும் ராணுவத்துக்குப் போயாக வேண்டும். தரைப்படையில் 18 மாதம். பெரும்பாலானவர்கள் கல்லூரியில் ஒன்றிரண்டு வருடம் முடித்துவிட்டு விடுப்பு எடுத்துப் போவார்கள். சேரும் தேதியும் செமஸ்டர் தேதியும் ஒத்துவராததால் கணக்கில் அது இரண்டு வருடம். 25 வயதை எட்டும் ஆண்டிலிருந்து, சேவை முடிக்காதவர் வெளிநாட்டில் இருக்கத் தனி அனுமதி வாங்க வேண்டும். பெண்களுக்கு இந்தக் கடிகாரம் இல்லை. ஆனால் வாகனப் பொறியியல் கேட்டு வருகிறவர்களில் இன்னும் பையன்களே அதிகம்.

உள்ளூர்க் கணக்கை முதலில் போட்டுவிடுவோம். பையன் பிப்ரவரியில் பள்ளி முடிக்கிறான், மார்ச்சில் கல்லூரி. நான்கு வருடப் படிப்பு, இரண்டு வருட ராணுவம். 24 வயதில் பட்டம். கூக்மின் பல்கலைக்கழகத்தில் வாகனப் பொறியியலுக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது, ஹன்யாங்கில் எதிர்கால வாகனத் துறை இருக்கிறது, கொரியா பல்கலைக்கழகத்தில் ஹூண்டாயோடு சேர்ந்து நடத்தும் துறையே இருக்கிறது. இதையெல்லாம் தாண்டி நல்ல மதிப்பெண்காரர்களை மருத்துவம் இழுத்துக்கொண்டு போகிறது. 2011 இல் வெளிநாட்டில் படித்த கொரியர்கள் சுமார் 2.6 லட்சம், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது பாதியாகிவிட்டது. 2023 இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்று பிறப்பு விகிதமே சரிந்துவிட்ட நாடு. வற்றிக்கொண்டிருக்கும் குளத்தில் எல்லோரும் வலை வீசுகிறோம்.

ஜப்பானிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அந்தக் கட்டத்தில் சத்தமில்லாமல் ஜெயிக்கிற நாடு அதுதான். அங்கே கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கான ஈஜேயூ தேர்வை ஜூனிலும் நவம்பரிலும் சியோலிலும் பூசானிலும் எழுதலாம். ஆகவே பள்ளிக் கடைசி வருடத்திலேயே ஜப்பானிய மொழியைப் பிடித்துக்கொண்ட பையனுக்கு இழப்பு ஒரே ஒரு மாதம். மொழியும் மிரட்டாது, கொரிய வாக்கியத்தின் சொல்வரிசைதான் ஜப்பானியத்துக்கும், வினை கடைசியில். தமிழிலும் அதே கதைதான் என்பதால், கொரிய மாணவர்கள் ஜப்பானியத்தை எப்படி அவ்வளவு வேகமாகப் பிடிக்கிறார்கள் என்று எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தேசியப் பல்கலைக்கழகங்களில் நிலையான கட்டணம் ஆண்டுக்கு 5,35,800 யென். சில பல்கலைக்கழகங்கள் அதைவிடக் கூடுதலாக வாங்குகின்றன, தோக்கியோவும் 2025 இல் ஏற்றியது. 1998 இல் கொரிய அதிபர் கிம் டே ஜுங்கும் ஜப்பானியப் பிரதமர் ஒபுச்சியும் வெளியிட்ட கூட்டறிக்கையைத் தொடர்ந்து, 2000 முதல் பொறியியல், அறிவியல் மாணவர்களுக்கென்றே இரு அரசுகளும் சேர்ந்து உதவித்தொகை கொடுத்து அனுப்பிய திட்டமும் உண்டு. பாதை புதிதல்ல.

நகோயா டொயோட்டாவின் அக்கம்பக்கம். அங்கே ஆங்கிலத்திலேயே வாகனப் பொறியியல் இளநிலைப் படிப்பு இருக்கிறது. ஆனால் அது அக்டோபரில் தொடங்குகிறது, காலண்டர் லாபம் அங்கேயே போய்விடும். ஃபுக்குவோக்காவின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் வாகன அறிவியலுக்கென்று முதுநிலைத் துறை உண்டு. பூசான்காரனுக்கு ஃபுக்குவோக்கா சியோலைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மா கிம்ச்சி டப்பாவோடு வந்துபோகும் தூரம்.

சரி, ஓட்டை எங்கே? இரண்டு இடத்தில். முதலாவது சம்பளம்: ஹூண்டாயில் சராசரி ஆண்டுச் சம்பளம் 10 கோடி வோனைத் தாண்டிவிட்டது, ஜப்பானிய நிறுவனங்கள் புதுப் பட்டதாரிக்குக் கொடுப்பது அதன் பக்கத்தில்கூட வராது. இரண்டாவது பையனே கேட்கும் கேள்வி. 1975 இல் ஹூண்டாயின் போனி கார் மிட்சுபிஷி இன்ஜினோடு வந்தபோது ஜப்பான் குரு. இன்று 800 வோல்ட் மின்காரை ஹூண்டாய் தெருவில் ஓட்டுகிறது, எல்ஜியும் சாம்சங்கும் எஸ்கேயும் பேட்டரி செய்கின்றன. "மின்காரைப் பற்றி ஜப்பானில் எனக்கு யார் சொல்லித் தரப்போகிறார்கள்?" என்று பதினேழு வயதில் கேட்கிறான். நியாயமாக இருக்கிறதோ இல்லையோ, அந்த எண்ணத்தை ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் மாற்ற முயன்றதாக நான் பார்த்த கண்காட்சிகளில் தெரியவில்லை.

ஜெர்மனிக்கு வருவோம். எங்கள் சரக்கு மலிவு. ஆஃகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணமே இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்பு மட்டும். ஷ்டுட்கார்ட், எஸ்லிங்கன் இருக்கும் பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலம் முதல் அவர்களிடம் செமஸ்டருக்கு இளநிலைக்கு 2,000-3,000, முதுநிலைக்கு 4,000-6,000 யூரோ வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்கு மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். கொரியக் கடவுச்சீட்டுக்காரர் விசா இல்லாமலே விமானம் ஏறி, வந்து இறங்கிய ஊரில் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். சென்னையில் தூதரகத் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவன் என்ற முறையில் இந்த ஒரு வரியை எழுதும்போது எனக்குப் பொறாமை வரத்தான் செய்கிறது.

பெயருக்கும் இழுப்பு இருக்கிறது. கியாவின் முகத்தை மாற்றிய பீட்டர் ஷ்ரையர் 2006 இல் அங்கே போன ஜெர்மானியர், ஆடியில் இருந்தவர். பிஎம்டபிள்யூவின் அதிவேகக் கார்களுக்கான எம் பிரிவிலிருந்து 2015 இல் ஹூண்டாய்க்குப் போன ஆல்பர்ட் பீர்மான் பின்னர் ஆராய்ச்சிப் பிரிவுக்கே தலைவரானார். ரூஸல்ஸ்ஹைமில் ஹூண்டாயின் ஐரோப்பியத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. கொரியத் தொழிற்கல்விப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ ஜெர்மனியே வீடு தேடி வந்துவிட்டது: 2017 முதல் பிஎம்டபிள்யூவும் மெர்சிடிஸும் கொரியாவிலேயே, வேலையும் படிப்பும் சேர்ந்த அவுஸ்பில்டுங் முறையில் மெக்கானிக் பயிற்சி நடத்துகின்றன.

ஆனால் நோட்டின் கட்டத்தில் ஜெர்மனி படுத்துவிடுகிறது. பிப்ரவரியில் பள்ளி முடித்தவன் ஜெர்மன் மொழியில் சி1 என்ற உயர்நிலை அளவை எட்ட ஒரு வருடமாவது, ஒன்றரை வருடமும் ஆகலாம். பள்ளிப் பாடங்களும், சுனுங் என்ற கொரியக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் போதாவிட்டால் ஷ்டூடியன்கோலேக் என்ற ஆயத்தக் கல்லூரியில் இன்னொரு வருடம். அப்புறம்தான் இளநிலை, மூன்று, மூன்றரை வருடம் என்று தாளில் இருக்கும், அந்தக் கெடுவில் முடிக்கிறவர்கள் குறைவு. நடுவில் ராணுவம். 26 வயது. இங்கே தொழில்நுட்பப் பல்கலைக்கழக இளநிலையோடு யாரும் நிற்பதில்லை, முதுநிலையும் சேர்த்தால் 28. கையேட்டில் நாங்கள் அச்சிடாத இன்னொன்றும் உண்டு. எந்திரவியல், கணிதம் போன்ற கட்டாயத் தாள்களில் பெரும்பாலும் மூன்று வாய்ப்புத்தான். மூன்றாவதும் போனால் பதிவு ரத்து, நாட்டின் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் சேர முடியாது. இரண்டாம் வருடத்தில் ராணுவத்துக்குப் போய், வகைக்கெழுச் சமன்பாடுகளை மறந்து திரும்பி வருகிறவனுக்கு இது என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன் 2030க்குள் 35 ஆயிரம் வேலைகளைக் குறைக்க ஒப்பந்தம் போட்ட செய்தியையும் பெற்றோர்கள் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இங்கே முகவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், பலருக்குப் புரியாத விஷயம் இது. கொரியாவில் வெளிநாட்டுப் படிப்பை யுஹாக்வன் என்ற முகவர் அலுவலகங்கள்தான் விற்கின்றன. முதல் ஆண்டுக் கட்டணத்தில் 10, 15, 20 சதவீதம் பல்கலைக்கழகம் கமிஷனாகக் கொடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். கட்டணமே இல்லாத ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் எதில் சதவீதம் போடுவது? ஆகவே முகவர் நம்மைப் பற்றிப் பேசவே மாட்டார். பேசினால் குடும்பத்திடமே பணம் வாங்குவார். மலிவாக இருப்பதே நம் வாயை அடைக்கிறது. மூன்று வருடத்தில் இளநிலை முடித்துத் தரும் பிரிட்டன் யுஹாக்வன் சுவரெல்லாம் ஒட்டப்பட்டிருப்பதற்கும் அந்தக் கமிஷன்தான் காரணம். லஃபரோவும் கொவெண்ட்ரியும் நல்ல இடங்களே. ஆனால் கொரியப் பள்ளிச் சான்றிதழுக்குப் பெரும்பாலும் ஃபவுண்டேஷன் என்ற ஒரு வருட ஆயத்தப் படிப்பு வேண்டும், மூன்று நான்காகிவிடும். படிப்புக்குப் பின் தங்கும் இரண்டு வருடமும் 2027 முதல் 18 மாதமாகச் சுருங்குகிறது.

அமெரிக்காவில் வருடக் கணக்கு சுமார்தான்: ஆகஸ்டில் சேர்ந்தால் ஆறு மாத இழப்பு, 24 அல்லது 25 வயதில் பட்டம். விடுப்பு எடுத்து ராணுவம் போய்த் திரும்புவதும் அங்கே பழகிப்போன விஷயம். படிப்புக்குப் பின் பொறியியல்காரருக்கு மூன்று வருடம் வரை வேலை அனுமதி. பணம்தான் கண்ணைக் கட்டும். மிச்சிகன் ஆன் ஆர்பரில் வெளியூர் மாணவருக்குக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60 ஆயிரம் டாலருக்கு மேல். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு ஹூண்டாய் பெயர் வைத்திருக்கிறார்கள். அதே ஜார்ஜியா மாநிலத்தின் வெஸ்ட் பாயின்டில் கியா ஆலை, சவானா பக்கத்தில் 2024 இல் ஓடத் தொடங்கிய ஹூண்டாயின் புதிய ஆலை. கொரியப் பெற்றோருக்கு இதைவிட விளம்பரம் வேண்டுமா என்றுதான் இருந்தது. 2025 செப்டம்பர் 4 அன்று அதே வளாகத்தில் கட்டிக்கொண்டிருந்த பேட்டரி ஆலைக்குள் குடியேற்ற அதிகாரிகள் புகுந்து 475 பேரைப் பிடித்தார்கள், 300க்கு மேல் கொரியர்கள். கைவிலங்கு, கால்சங்கிலியோடு பஸ்ஸில் ஏறும் காட்சி கொரியத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது. அதே மாதம் எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணமும் வந்தது. பிடிபட்டவர்கள் மாணவர்கள் அல்ல. ஆனால் அந்தப் பஸ்ஸைப் பார்த்த அம்மாவிடம் அந்த வித்தியாசத்தை விளக்குவது யார் வேலை?

அமெரிக்கப் பட்டம் மட்டும் போதும் என்பவர்களுக்கு சியோலை ஒட்டிய இஞ்சியோனிலேயே வழி இருக்கிறது. அங்குள்ள சொங்தோவில் 2012 முதல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கொரியக் கிளை. அதன் ஸ்டோனி புரூக் வளாகத்தின் எந்திரவியல் பட்டமே அங்கே கிடைக்கும். அம்மாக்களுக்குப் பிடிக்கிறது. பையன்களுக்கு அவ்வளவாக இல்லை.

சென்னையையும் விட்டுவிட முடியாது. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையாலும் அதைச் சுற்றிய உதிரிபாக நிறுவனங்களாலும் அங்கே வளரும் கொரியப் பிள்ளைகள் உண்டு, சர்வதேசப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அப்பா கார் கம்பெனி, பையனுக்கு ஆங்கிலம், எளிதாகப் பிடித்துவிடலாம் என்று பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கணக்குப் போடும். ஆனால் வெளிநாட்டில் மூன்று வருடமோ, பள்ளிக்காலம் முழுவதுமோ படித்தவர்களுக்குக் கொரியப் பல்கலைக்கழகங்களில் தனிச் சேர்க்கை இருக்கிறது. சுனுங் எழுதாமலே நல்ல இடம் கிடைக்கும்போது அவர்கள் ஏன் நம்மிடம் வர வேண்டும்?

என் தீர்ப்பு இதுதான். பள்ளி முடித்த பையனை அழைக்கும் போட்டியில் ஜப்பானை ஜெர்மனியால் ஜெயிக்க முடியாது, முயற்சியும் வேண்டாம். நாங்கள் பிடிக்க வேண்டியது ராணுவமும் இளநிலையும் முடித்த 24 வயதுக்காரனை. இரண்டரை வருடத்தில் ஆங்கில வழி முதுநிலை, 27க்குள் வெளியே. அவன் கோஎக்ஸுக்கு வரமாட்டான். கோடையில் கொரிய வாகனப் பொறியாளர் சங்கம் குன்சானில் நடத்தும் மாணவர் கார் போட்டியில், கையெல்லாம் கிரீஸோடு சஸ்பென்ஷனுக்கு அடியில் படுத்திருப்பான். ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் நடக்கும் மாணவர் பந்தயக் கார் போட்டியைப் பற்றி அவனிடம் நாம் விளக்கவே வேண்டாம், முடிவுகளை அவனே சொல்வான். எங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது கிடைத்த பதில், கண்காட்சிக்கான பட்ஜெட் தனி, பயணத்துக்கான பட்ஜெட் தனி என்பது.

அடுத்த வருடம் மட்டும் தேதியை மாற்றினோம், நவம்பர் இரண்டாவது வாரத்துக்கு. சுனுங்குக்கு முந்தைய நாட்கள். ஆங்கிலக் கேட்டல் பகுதியின்போது விமானங்களையே இறங்கவிடாமல் நிறுத்திவைக்கும் நாட்டில், அந்த வாரம் எந்தப் பையன் கண்காட்சிக்கு வருவான்? இரண்டு நாளும் பேனாக்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அந்த அம்மாவுக்கு வருடக் கணக்கை ஒழுங்காகப் போட்டு, ஷ்டூடியன்கோலேக், மூன்று வாய்ப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் பின்னர் காக்கோடாக் செயலியில் அனுப்பினேன். நன்றி சொல்லி ஒரு வணங்கும் கரடி ஸ்டிக்கர் வந்தது. ஒன்றரை வருடம் கழித்து ஏப்ரலில் இன்னொரு செய்தி: சேர்க்கை விழாவுக்குக் கோட்டு போட்ட பையன், பின்னால் செர்ரி மரம், ஃபுக்குவோக்கா. முதுநிலைக்கு யோசிப்போம் என்று ஒரு வரியும் கீழே இருந்தது.