காணி கேட்கும் பெண்களுக்குக் கொழும்பில் கிடைக்கும் ஒரு சேவை: தகவலுக்கான உரிமைச் சட்டம் பற்றிய மதிப்பீடு

காணிக்காகவும் பாதுகாப்பான குடியிருப்புக்காகவும் கூடி நிற்கும் பெண்களுக்கு அரசாங்கம் தரும் சேவைகளில் அதிகம் பயன்படுவது எது என்று கேட்டால், தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் அரச அலுவலகங்களிடம் தகவல் கேட்டு விண்ணப்பம் கொடுக்கும் வசதியையே சொல்வேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கமான இச்சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வடக்கிலும் மலையகத்திலும் உள்ள மாதர் சங்கங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, அதைத் தலைமை அலுவலகங்களில் ஒப்படைப்பது, பதில் வரும்வரை பின்தொடர்வது ஆகிய வேலைகளை என்னைப் போலக் கொழும்பில் இருக்கும் சிலர் செய்து வருகிறோம். அந்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

காணி முல்லைத்தீவில் இருந்தாலும் அதன் தலைவிதியை எழுதும் கோப்பு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மண்சரிவு அபாயத்தை மதிப்பிடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஜாவத்தை வீதியிலும், நில அளவைத் திணைக்களம் கிருள வீதியிலும், காணி ஆணையாளர் நாயகத்தின் திணைக்களம் பத்தரமுல்லையிலும் இருக்கின்றன. பதுளையிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ ஒரு பெண் ஒருநாள் சம்பளத்தை இழந்து, இரவு பஸ் ஏறி வந்து, "அந்த ஐயா இன்றைக்கு லீவு" என்ற பதிலோடு திரும்பிப் போவதுதான் முன்பு வழக்கமாக இருந்தது. விண்ணப்பம் என்ற ஒன்று வந்த பிறகு, யார் லீவில் போனாலும் அந்த அலுவலகம் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம், கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்பது. முதன்முதலாக விண்ணப்பம் கொடுக்க வந்த ஒரு சங்கத் தலைவி, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் கேக்கிறீங்கள் எண்டு கேட்டா நாங்கள் என்னக்கா சொல்லுறது?" என்று தயங்கினார். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று சொன்னேன். கருமபீடத்தில் இருந்த உத்தியோகத்தரும் கேட்கவில்லை. விண்ணப்பத்தைப் பெற்றதற்கான சீட்டில் திகதி முத்திரையைக் குத்தி நீட்டினார். பல வருடங்களாக ஒவ்வோர் அலுவலகத்திலும் தன் கதையை முதலிலிருந்து சொல்லிக் களைத்த அந்தப் பெண், சீட்டை இரண்டாக மடித்துத் தேசிய அடையாள அட்டையோடு சேர்த்து வைத்தார்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்தில் பதிந்து கொள்வது தகவல் அலுவலரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. அதைவிட முக்கியமானது, உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது இலங்கைப் பிரசைகளாக இருந்தால், பதிவு செய்யப்படாத ஓர் அமைப்பும் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம் என்பது. ஒரு பெண் தனியாகப் பெயர் போட்டால் ஊரில் அவளுக்கு வரக்கூடிய தொல்லைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. சங்கத்தின் பெயரில் போகும் கடிதம் அவளைத் தனியே நிறுத்துவதில்லை. ஆகவே எங்கள் பக்கத்திலிருந்து போகும் விண்ணப்பங்களை முடிந்தவரை சங்கத்தின் பெயரிலேயே அனுப்புகிறோம்.

காணியைப் பொறுத்தவரை இந்தச் சேவை பெண்களுக்கு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பேமிட்டுகள், அதாவது அரச காணிக்கான அனுமதிப்பத்திரங்கள், பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே இருந்தன. பின்னுரித்தாளர், அதாவது காணியை அடுத்துப் பெறுபவர், நியமிக்கப்படாவிட்டால் மூத்த ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை என்ற ஒழுங்கு 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. கணவன் காணாமல் போன, இறந்த, அல்லது விட்டுப் போன ஒரு பெண் தன் வீட்டின் சட்ட நிலையை அறிய வேண்டுமானால், பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் தன் துண்டுக்குரிய பக்கத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேட்கும் விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. ஆனால் அது கையில் வந்த பின்னர், அந்தப் பெண் காணி உத்தியோகத்தரோடு பேசும் தொனியே மாறிவிடுகிறது.

காலநிலை விடயத்திலும் அப்படியே. தகவல் ஒருவரின் உயிரோடும் தனிமனித சுதந்திரத்தோடும் தொடர்புபட்டதாக இருந்தால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வாசகம் உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த மலைச்சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. போய்க் குடியேறுவதற்கு மாற்றுக் காணிதான் இருக்கவில்லை. காலநிலையை மாற்றி மழையைக் கூட்டிவிட்டவர்கள் அந்த லயங்களில் இருந்த பெண்கள் அல்லர். இருநூறு ஆண்டுகள் உழைத்தும் ஒரு பேர்ச்சஸ் காணிக்குக்கூட உறுதிப்பத்திரம் இல்லாதவர்கள் அவர்கள். ஆகவே தோட்டத்துச் சங்கங்களுக்கு நான் சொல்வது, அபாய மதிப்பீட்டு அறிக்கையை மட்டும் கேட்டு நின்றுவிட வேண்டாம் என்பதுதான். எந்த இடம் மாற்றுக் காணியாக அடையாளம் காணப்பட்டது, எத்தனை குடும்பங்களுக்கு, உறுதி யாருடைய பெயரில் என்பதையும் அதே கடிதத்தில் கேட்க வேண்டும்.

கேள்வியைக் கூர்மையாக எழுதுவதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. "எங்கள் வயலை ஏன் விடவில்லை?" என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். போருக்குப் பின் வன்னிக்குத் திரும்பிய பல குடும்பங்கள், காடு மண்டிக் கிடந்த தங்கள் வயல்களில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கற்களைக் கண்டன. அவர்கள் கேட்க வேண்டியது, எந்த வர்த்தமானி அறிவித்தல், எந்தத் திகதி, எத்தனை ஏக்கர், எந்த நில அளவைப் படம் என்பவற்றையே. மன்னாரில் காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து நின்ற பெண்களுக்கும் இது பொருந்தும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்களே உண்டு என்பதால், அங்கே தாமதிக்க முடியாது.

குறைகள் சிறியவை அல்ல. படையினர் வசம் உள்ள காணிகளைப் பற்றிக் கேட்டால், தேசிய பாதுகாப்பு என்ற விதிவிலக்கு உடனே வந்து நிற்கிறது. பொதுநலன் மேலோங்கும்போது தகவலை மறுக்கக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், அதை நிலைநாட்ட மேன்முறையீடு வரை போக வேண்டியிருக்கிறது. முல்லைத்தீவின் பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி இறுதியில் தங்கள் காணியில் இருந்த விமானப்படை முகாம் வாசலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மார்ச் முதலாம் திகதி காணிக்குள் போனார்கள்; 1992இல் இடம்பெயர்ந்த இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் தாங்களாகவே தீவுக்குப் போய் இறங்கினார்கள். இரண்டு இடங்களிலும் பெண்களே முன்னால் நின்றார்கள். அந்த வேலையை எந்த விண்ணப்பமும் செய்யாது. உட்கார்ந்திருப்பவர்களின் கைக்கு ஆதாரத்தைக் கொடுப்பது ஒன்றே இந்தச் சேவையால் முடியும். அந்த அளவை மட்டும் எதிர்பார்த்தால் ஏமாற்றம் இல்லை.

மொழிக் குறைதான் எனக்கு உண்மையாகவே கோபம் தருவது. தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்கு ஓர் அலுவலகம் முழுக்க முழுக்கச் சிங்களத்தில் பதில் அனுப்பியது. அதை வாசிப்பதற்கு ஆள் தேடி முடிவதற்குள் முதல் மேன்முறையீட்டுக்கான காலம் ஏறக்குறைய கரைந்துவிட்டது. தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால், அதே அலுவலகத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள்ளும், அதன்பின் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதத்துக்குள்ளும் மேன்முறையீடு செய்யலாம். காகிதத்தில் ஒழுங்காக இருக்கும் இந்தக் கணக்கு, தபால் பிந்திவரும் ஒரு தோட்டத்துக்கோ தீவுக்கோ மிகவும் இறுக்கமானது.

இந்தக் குறைகளோடும் இச்சேவையைச் சங்கங்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். படிவத்தில் எந்த மொழியில் தகவல் வேண்டும் என்று கேட்கும் இடத்தை வெறுமையாக விடாமல் "தமிழ்" என்று எழுதுங்கள். தூரத்திலிருந்து அனுப்புவதானால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் விண்ணப்பத்தின் பிரதியையும் சங்கக் கோப்பில் வையுங்கள். கொழும்பில் ஒப்படைக்க ஆள் வேண்டுமென்றால், இங்கே படிக்கும், வேலை பார்க்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அரைநாள் லீவில் முடிகிற காரியம்.