மஞ்சள் வயரிலிருந்து புதிய திரைக்கு: மலிவான மாற்றிப் பெட்டி ஒன்றைப் பற்றி

உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்குப் புதிய தொலைக்காட்சி வந்த அன்றுதான், அதன் பின்புறத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயர்களைச் செருகும் துளைகள் ஒன்றுகூட இல்லை என்பது தெரியவந்தது. வீட்டில் இருப்பவையோ இலண்டனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த மெகா டிரைவ் என்ற பழைய விளையாட்டுக் கருவி, தம்பியின் பிளேஸ்டேஷன் 2, துப்பாக்கியுடன் கூடிய பழைய டீவி கேம் பெட்டி ஆகிய மூன்றும். படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் கொண்டுவரும் எச்டிஎம்ஐ இணைப்பு பிளேஸ்டேஷன் வரிசையில் 2006 இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்தே கிடைக்கிறது என்பதால், எங்களுடைய மூன்றுக்கும் இடையில் ஒரு மாற்றி தேவைப்பட்டது. நகரத்தில் உள்ள ஒரு கடையில், இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில், பெயர் எதுவும் பொறிக்கப்படாத ஏவி–எச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டி ஒன்றை வாங்கி, இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்தேன்.

முதலில் தரப்பட்டது தவறான பெட்டி. எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் பெட்டியும் ஏவியை எச்டிஎம்ஐயாக மாற்றும் பெட்டியும் அளவிலும் நிறத்திலும் இரட்டைப் பிள்ளைகளைப் போல இருக்கின்றன; மேலே அச்சிடப்பட்ட எழுத்தின் வரிசை மட்டுமே வேறு, ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார் என்றாலும், வாங்குபவர்கள் அந்த எழுத்தைக் கடையிலேயே ஒரு தடவை வாசித்துவிடுவது பேருந்துச் செலவை மிச்சப்படுத்தும்.

இணைப்பது எளிது. மூன்று வயர்கள் ஒரு பக்கம், எச்டிஎம்ஐ மறுபக்கம், மின்சாரத்துக்கு ஒரு யூஎஸ்பி வயர், வெளிவரும் படத்தின் தெளிவை 720பி அல்லது 1080பி என்று தெரிவுசெய்ய ஒரு சிறிய சுவிட்ச். தொலைக்காட்சியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் கொடுத்தபோது படம் அவ்வப்போது மறைந்து வந்தது. தொலைபேசிச் சார்ஜரில் செருகியதும் அந்தத் தொல்லை நின்றது. மெகா டிரைவில் நிறம் வராமல் இருந்ததற்குக் காரணம் பெட்டியன்று, கடற்காற்றில் பச்சை பூத்துப்போன வயரின் முனை. கரையோர வீடுகளில் உள்ளவர்கள் மாற்றியைத் திட்டுவதற்கு முன் முனைகளை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துப் பார்ப்பது நல்லது.

படம் வந்துவிட்டது, ஆனால் அது பழைய படமாக இல்லை. குழாய்த் தொலைக்காட்சிக் காலத்து ஒளிபரப்பு, ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு முறையும் இரட்டைப்படைக் கோடுகளை மறுமுறையுமாக மாறி மாறி அனுப்பும். மெகா டிரைவ் போன்ற கருவிகள் அந்த ஏற்பாட்டைத் தந்திரமாகப் பயன்படுத்தி, ஒரே வரிசைக் கோடுகளையே ஒவ்வொரு முறையும் அனுப்புகின்றன. எனவே அவை தருவது பாதி எண்ணிக்கைக் கோடுகளைக் கொண்ட, ஆனால் தன்னளவில் முழுமையான படம். மலிவான மாற்றிக்கு இந்த வேறுபாடு புரிவதில்லை. வருவதை அரைப் படம் என்று எண்ணி, அடுத்தடுத்து வரும் இரண்டு முழுப் படங்களை ஒன்றாகப் பின்னிவிடுகிறது. விளைவு, வேகமாக ஓடும் உருவத்தின் ஓரங்கள் சீப்பின் பற்களைப் போலப் பிளந்து தெரிகின்றன. ஒரு படம் விட்டு ஒரு படம் காட்டி மினுக்கும் நிழல்கள் சில வேளைகளில் முற்றாக மறைந்துபோகின்றன. அகலமும் கெடுகிறது: நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் வரைந்த காட்சியைப் பெட்டி பதினாறுக்கு ஒன்பதாக இழுத்துவிடுவதால் மெகா டிரைவ் விளையாட்டின் நாயகன் சோனிக் பூசணிக்காய் போல உருள்கிறது. இதனைத் தொலைக்காட்சியின் பட அளவு அமைப்பில் 4:3 என்று மாற்றிச் சரிசெய்யலாம். எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்துக்கு அந்த வசதியைத் தராத தொலைக்காட்சிகளும் உண்டு.

ஒரு குற்றத்தை மட்டும் பெட்டியின் தலையில் போடக் கூடாது. ஐரோப்பாவில் விற்கப்பட்ட மெகா டிரைவ் நொடிக்கு 50 படங்கள் தருவது. 60 படங்களுக்கென எழுதப்பட்ட முதல் சோனிக் விளையாட்டு அதில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். அது எந்தத் திரையிலும் அப்படித்தான். ஆனால் அந்த 50 படங்களை எங்கள் பெட்டி 60 ஆக்கி அனுப்புகிறது. இதற்காக நொடிக்குப் பத்துப் படங்களை இரட்டிப்பதால், பக்கவாட்டில் நகரும் காட்சி இடையிடையே தடக்குகிறது. அது பெட்டியின் குறையே.

மங்கலான மஞ்சள் வயரை முழுதாக வெறுக்கவும் என்னால் முடியவில்லை. சோனிக்கின் முதற்கட்டத்து நீர்வீழ்ச்சி உண்மையில் ஒன்று விட்டு ஒன்றாக வரையப்பட்ட செங்குத்துக் கோடுகள். அந்த வயரின் மங்கலில்தான் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரியும் தண்ணீராகின்றன. சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் கொண்டுவரும் தெளிவான ஆர்ஜிபி வயரில் பார்த்தால் அது கம்பி வேலி.

பெரிய குறை தாமதம். ஏவி வயரைப் பிரித்து ஒரு முனையைக் குழாய்த் தொலைக்காட்சிக்கும் மறுமுனையைப் பெட்டிக்கும் கொடுத்து, இரண்டு திரைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதும் குழாய்த் திரையில் சோனிக் எழும்பிவிட்டது. புதிய திரையில் எழும்பியது கண்ணுக்குத் தெரியுமளவு பிந்தி. நொடிக்கு 50 படங்கள் என்ற கணக்கில் மூன்று படங்கள் பிந்தினாலே 60 மில்லிசெக்கன் போய்விடும். தொலைக்காட்சியில் கேம் மோட் என்ற அமைப்பை இயக்கியபோது பாதி குணம் தெரிந்தது. ஆறுதலாக விளையாடும் கதை விளையாட்டுகளுக்கு இது போதும். தாவுவதும் சண்டை பிடிப்பதுமான விளையாட்டுகளுக்குப் போதாது.

பிளேஸ்டேஷன் 2 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதன் பின்புறத் துளையில் நேராகச் செருகும், ஏறக்குறைய அதே விலையிலான எச்டிஎம்ஐ குமிழ் ஒன்று கிடைக்கிறது. அது மஞ்சள் வயரை விட்டுவிட்டு, ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாகத் தரும் கொம்போனன்ட் சமிக்ஞையை எடுப்பதால் எழுத்துகள் வெட்டினாற்போல் தெரிகின்றன; படத்தை அளவு மாற்றும் வேலையைத் தொலைக்காட்சியிடமே விட்டுவிடுவதால் தாமதமும் குறைகிறது. செருகுவதற்கு முன், பழைய ஏவி வயரை வைத்துக்கொண்டே கருவியின் அமைப்புப் பக்கத்தில் ஆர்ஜிபி என்று இருப்பதைக் கொம்போனன்ட் என மாற்றிவிட வேண்டும். நாங்கள் அதை மறந்து, நிறம் திரிந்த திரையைப் பார்த்துக் குமிழ் பழுது என்று அரை மணி நேரம் வாதாடினோம். முதலாம் பிளேஸ்டேஷனின் இறுவட்டுகளைப் போட்டால் மட்டும் எங்கள் தொலைக்காட்சி படம் காட்ட மறுக்கிறது.

பணம் செலவழிக்க ஆயத்தமானவர்களுக்கு ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற உயர்தர மாற்றிக் கருவிகள் உண்டு. ஓஎஸ்எஸ்சி ஒரு படம் முழுவதும் வந்து சேரும்வரை காத்திராமல், வரும் கோடுகளை வந்த கையோடு பெருக்கி அனுப்புவதால் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். ரெட்ரோடிங்க் 4கே வெளிவந்தபோது அதன் உயர்நிலைப் பதிப்பின் விலை 750 டொலர். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் மெகா டிரைவைத் தூசி தட்டும் வீட்டுக்கு அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் கட்டாது.

துப்பாக்கிப் பெட்டிக்கு மட்டும் வழியே இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு இருக்கும் இடம் மட்டும் வெளுக்கும். குழாய்த் திரையில் உடனே பளிச்சிடும் அந்த ஒளியைத் துப்பாக்கியின் முனையிலுள்ள கண் பிடிக்க வேண்டும். மாற்றியில் பிந்தி வரும் படத்துக்கு அது காத்திருப்பதில்லை. அக்காவின் மகன் ஒரு மாலை முழுவதும் சுட்டும் ஒரு வாத்துக்கூட விழவில்லை. பழைய இரும்புக்குக் கொடுப்பதாக இருந்த குழாய்த் தொலைக்காட்சி இப்போது மறுபடியும் விறாந்தையில் இருக்கிறது.